விளக்கை எங்கே வைப்பது: மருந்து கலந்த நீரும் ஒளிவினையூக்கியும்

கண்ணாடிக் குவளையில் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தைக் கரைத்து, ஒளிவினையூக்கியாகக் கொஞ்சம் டைட்டானியம் டை ஆக்சைடைப் போட்டு, யூவி விளக்கைக் காட்டினால் சிறிது நேரத்தில் நீலம் போய்விடும். அந்த முன்-பின் படத்தைப் போட்டுவிட்டு, "மருந்துக் கழிவையும் இப்படியே நீக்கலாம்" என்று முடிக்கும் ப்ராஜெக்ட் அறிக்கைகள் ஏராளம். நிறம் போனது உண்மைதான். ஆனால் அதை வைத்து மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சாயம் தானே ஒளியை உறிஞ்சி வினையூக்கிக்குள் எலக்ட்ரானைத் தள்ளும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நிறமற்ற லியூக்கோ வடிவத்துக்கு மாறி, காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகும். மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை நிறமற்றவை, தெரியும் ஒளியை உறிஞ்சாதவை. அவற்றை நீக்க முடியுமா என்று அறிய அந்த மருந்தையே வைத்துச் சோதிக்க வேண்டும், அதுவும் உண்மையான நீரில்.

அந்தச் சோதனையை எப்படிச் செய்வது, எங்கெல்லாம் ஏமாறுவோம், கடைசியில் இந்த முறைக்குச் சரியான இடம் எது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதுகலை மாணவர்களும், சிறு சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தும் பொறியாளர்களும் மனதில் இருக்கிறார்கள்.

முதலில் வேலை நடக்கும் விதம். அனடேஸ் வடிவ டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் கொண்ட ஒளிதான் அதை எழுப்பும். ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேலே தாவும், கீழே ஒரு துளை மிஞ்சும். துளை, பரப்பில் ஒட்டியிருக்கும் நீரை ஆக்சிஜனேற்றி, எதோடும் உடனே வினைபுரியும் துணுக்கான ஹைட்ராக்சில் ரேடிகலைத் தரும். எலக்ட்ரானைக் கரைந்த ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடு ஆகும். எலக்ட்ரானை வாங்க ஆள் இல்லாவிட்டால் அது துளையிலேயே திரும்பி விழுந்துவிடும், ஒளி வெறும் வெப்பமாகும். ஆகவே நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் வினையும் நின்றுவிடும். ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளியால் நீரைப் பிளந்ததாக எழுதியது 1972-இல். நீரிலுள்ள பி.சி.பி. (பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்) நச்சுகளை இதே பொருளால் சிதைக்கலாம் என்று கனடாவில் கேரியும் சகாக்களும் காட்டியது 1976-இல். அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இவ்வளவு காலமாகியும் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களில் இதைக் காண்பது ஏன் அரிது? பதில் ஒரு சிறிய கணக்கில் இருக்கிறது.

எட்டாயிரத்தில் ஒன்று

ஹைட்ராக்சில் ரேடிகல் எதையும் விடாது, கண்ணில் பட்டதையெல்லாம் தாக்கும். அதன் பலமும் பலவீனமும் அதுவே. உயிரியல் சுத்திகரிப்பு முடிந்த சாதாரண நகரக் கழிவுநீரை எடுத்துக்கொள்வோம். அதில் லிட்டருக்கு 10 மி.கி. கரைந்த கரிமக் கார்பன், 300 மி.கி. பைகார்பனேட், 1 மைக்ரோகிராம் கார்பமசெபின் இருப்பதாக வைப்போம். கார்பமசெபின் வலிப்பு நோய் மருந்து. நுண்ணுயிரிச் சேற்றால் சுத்திகரிக்கும் வழக்கமான ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது என்பதால் இந்தத் துறையில் எல்லோரும் இதைச் சோதனைப் பொருளாக வைப்பார்கள்.

ஒவ்வொன்றின் செறிவையும் ரேடிகலோடு அது வினைபுரியும் வேக மாறிலியால் பெருக்க வேண்டும். கரிமக் கார்பனுக்கு மாறிலி மி.கி.-க்கு ஏறத்தாழ 25,000. பெருக்கினால் நொடிக்கு 2,50,000. பைகார்பனேட்டின் மாறிலி 8.5 × 10⁶, செறிவு 4.9 மில்லிமோல், ஆக 42,000. கார்பமசெபினின் மாறிலி 9 × 10⁹-ஐ ஒட்டியது. மிக வேகமானதுதான், ஆனால் இருப்பது 4.2 நானோமோல். பெருக்கினால் 38-க்குள் அடங்கிவிடும்.

அதாவது உண்டாகும் ஏறத்தாழ எட்டாயிரம் ரேடிகல்களில் ஒன்றுதான் மருந்தைத் தொடுகிறது. மீதி எல்லாம் கழிவுநீரின் மற்ற கரிமப் பொருளுக்கும் பைகார்பனேட்டுக்கும் போகிறது. வினையூக்கியின் பரப்பில் நடப்பதை இந்தக் கணக்கு முழுதாகப் பிடிக்காது, பரப்பில் ஒட்டும் மருந்துக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு. ஆனாலும் அளவு எந்த வரிசையில் இருக்கிறது என்பதை இது சரியாகவே காட்டும். காய்ச்சி வடித்த நீரில் 20 நிமிடத்தில் 95 சதவீதம் போன மருந்து, உண்மைக் கழிவுநீரில் பல மணி நேரம் இழுப்பது இதனால்தான். வினையூக்கியில் கோளாறு எதுவும் இல்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். மருந்தைக் கரைக்க மெத்தனாலில் அடர்ந்த ஸ்டாக் கரைசல் தயாரித்து, லிட்டருக்கு 1 மி.லி. சேர்ப்பது பல ஆய்வகங்களில் வழக்கம். 1 மி.லி. மெத்தனால் என்பது ஏறத்தாழ 25 மில்லிமோல். அதன் வேக மாறிலி 9.7 × 10⁸. பெருக்கினால் நொடிக்கு 2.4 × 10⁷. மேலே சொன்ன கழிவுநீர் மொத்தமும் விழுங்கும் ரேடிகல்களைப் போல எண்பது மடங்கு! அந்த ஒரு மில்லி லிட்டர் கரிமக் கார்பன் அளவீட்டில் லிட்டருக்கு 300 மி.கி. அளவுக்குச் சேர்க்கும். 10 மி.கி. கார்பமசெபினில் இருக்கும் கார்பனோ வெறும் 7.6 மி.கி. மெத்தனால் ஸ்டாக் தவிர்க்க முடியாததானால், தேவையான அளவைக் காலிக் குடுவையில் விட்டு, மெதுவான நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, பிறகு நீர் சேர்த்து இரவு முழுக்கக் கலக்குங்கள். கார்பமசெபின் நீரில் லிட்டருக்கு நூறு மி.கி.-க்குச் சற்று மேல்தான் கரையும், அதுவும் மெதுவாக. அவசரப்பட்டால் கரையாத துகள் வடிகட்டியில் நின்றுவிடும், தொடக்கச் செறிவே தவறாகிவிடும்.

ஒளியை அளக்காமல் எதையும் தொடங்காதீர்கள்

மலிவு விலை யூவி எல்.இ.டி. பட்டைகளும் டார்ச்சுகளும் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அந்த ஒளியின் ஆற்றல் 3.14 எலக்ட்ரான் வோல்ட், அனடேஸை எழுப்பப் போதாது. கடையில் வாங்கும் டைட்டானியம் டை ஆக்சைடான பி25 தூளில் இருக்கும் சிறு பங்கு ரூட்டைல் (அதன் இன்னொரு படிக வடிவம்) மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். "வினையூக்கி வேலை செய்யவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் விளக்கின் அலைநீளத்தைப் பாருங்கள். வாங்க வேண்டியது 365.

பெட்டியில் அச்சிட்ட வாட் என்பது மின் வாட், வெளிவரும் ஒளி அதில் ஒரு பகுதிதான். எல்.இ.டி. சூடாகச் சூடாக வெளிச்சம் குறையும். அலுமினிய ஹீட் சிங்கும் விசிறியும் வைத்து, போட்டுப் 15 நிமிடம் கழித்துத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். ஒளிமானி இருந்தால் நீர்மட்டம் இருக்கும் இடத்தில் வைத்து அளக்கலாம். 365 நானோமீட்டரில் ஒரு சதுர மீட்டருக்கு 1 வாட் என்பது நொடிக்கு 3.05 மைக்ரோமோல் ஃபோட்டான்.

இன்னும் நம்பகமானது ஃபெர்ரிஆக்சலேட் முறை. 0.006 மோலார் பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட்டை 0.05 மோலார் சல்ஃபூரிக் அமிலத்தில் கரைத்து, சோதனைக்கு வைக்கும் அதே குவளையில், அதே கொள்ளளவில் ஊற்றி, ஓரிரு நிமிடம் மட்டும் ஒளி காட்டுங்கள். உண்டான இரும்பு(2)-ஐ ஃபெனாந்த்ரோலினால் சிவப்பாக்கி 510 நானோமீட்டரில் படியுங்கள். மோலார் உறிஞ்சு கெழு 11,100, குவாண்டம் விளைச்சல் ஏறத்தாழ 1.2. கரைசல் சாதாரண அறை வெளிச்சத்திலேயே சிதையும், ஆகவே சிவப்பு விளக்கில் வேலை செய்ய வேண்டும்.

பாத்திரத்தையும் கவனியுங்கள். போரோசிலிக்கேட் கண்ணாடி 365-ஐ நன்றாக விடும். பாலிகார்பனேட் மூடி கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். கடையில் கிடைக்கும் அக்ரிலிக் தகடுகளில் பலவற்றில் யூவி தடுப்பான் கலந்திருக்கும். மேலிருந்து ஒளி காட்டுவதாக இருந்தால் மூடியே வேண்டாம்.

மேசை மேல் சோதனை

250 மி.லி. கரைசல், லிட்டருக்கு 5 அல்லது 10 மி.கி. மருந்து, 0.125 கிராம் பி25. அதாவது லிட்டருக்கு அரை கிராம். பி25 தூளின் முதன்மைத் துகள் 21 நானோமீட்டர் அளவு, கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்பு. பலரும் இதைப் பயன்படுத்துவதால் ஒப்பிட எளிது. புதிதாக நீங்கள் தயாரித்த வினையூக்கி எதுவாக இருந்தாலும், அதே விளக்கில் அதே நீரில் பி25-ஐயும் ஓட்டிப் பக்கத்தில் வைக்காவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. தூளை எடைபோடும்போது முகமூடி அவசியம். சுவாசத்தில் போகும் டைட்டானியம் டை ஆக்சைடைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி (மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்) பிரிவில் வைத்திருக்கிறது. 365 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கெடுதல் செய்யும். யூவி கண்ணாடி அணியுங்கள்.

தூளைப் போட்டுப் பத்து நிமிடம் சோனிகேட்டரில் (மீயொலிக் கலக்கியில்) வைத்துக் கட்டிகளை உடைத்து, பிறகு இருட்டில் 30 நிமிடம் கலக்குங்கள். மருந்து பரப்பில் ஒட்டுவது இந்த நேரத்தில் நின்றுவிட வேண்டும். 20-ஆம் நிமிடமும் 30-ஆம் நிமிடமும் ஒரே செறிவு வந்தால் சரி, இல்லாவிட்டால் நேரத்தை நீட்டுங்கள். விளக்கு போட்ட பின் வரைபடத்தின் தொடக்கப் புள்ளி இந்த இருட்டுக் கட்டத்தின் முடிவுச் செறிவே. கரைத்த செறிவைத் தொடக்கமாக எடுத்தால் ஒட்டியதையும் சிதைந்ததாகக் கணக்கில் சேர்த்துவிடுவோம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கில் இந்தத் தவறு பெரிதாகத் தெரியும், ஏனென்றால் அது டைட்டானியம் பரப்பில் வலுவாக ஒட்டும். கார்பமசெபின் பெரிதாக ஒட்டாது.

0, 5, 10, 15, 20, 30, 45, 60 நிமிடங்களில் 2 மி.லி. வீதம் எடுங்கள். மொத்தம் 16 மி.லி. போகும், கொள்ளளவில் ஆறு சதவீதம்தான், பொறுத்துக்கொள்ளலாம். காற்றுக் குமிழி விடுவது நல்லது. வெப்பம் 25 டிகிரியில் நிற்க நீர்ச்சட்டை வேண்டும். இல்லாவிட்டால் விளக்கின் சூட்டில் நீர் ஆவியாகி, செறிவு ஏறும்.

மூன்று ஒப்புச் சோதனைகள் கட்டாயம்: இருட்டில் வினையூக்கி, ஒளி மட்டும், ஒளியும் வினையூக்கியும் சேர்ந்து. வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் வினையூக்கி இல்லாமலே ஒளியில் ஓரளவு சிதையும். வெயிலில் வைத்தால் டைக்ளோஃபெனாக் தானே போய்விடும். அந்தப் பங்கைக் கழிக்காமல் எல்லாப் பெருமையையும் வினையூக்கிக்குக் கொடுக்கக் கூடாது. கார்பமசெபின் 365-இல் தானாகச் சிதைவது மிகக் குறைவு. அதனால்தான் அது நேர்மையான சோதனைப் பொருள்.

பி.ஹெச்.-ஐச் சரிசெய்ய பாஸ்பேட் பஃபர் போடாதீர்கள். பாஸ்பேட் டைட்டானியம் பரப்பில் உட்கார்ந்துகொண்டு மருந்துக்கு இடம் விடாது. நீர்த்த நைட்ரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் போதும். பி25-இன் பரப்பு மின்னூட்டம் பூஜ்யமாவது பி.ஹெச். 6.5-ஐ ஒட்டி. அதற்குக் கீழே பரப்பு நேர்மின், மேலே எதிர்மின். டைக்ளோஃபெனாக்கின் பி.கே.ஏ. (அமிலத்தில் பாதி அயனியாகும் பி.ஹெச்.) 4.2. நடுநிலை நீரில் அது எதிர்மின் அயனி, ஆகவே சற்று அமிலப் பக்கம் போனால் பரப்புக்கு அருகில் வரும். ஆனால் 4-க்குக் கீழே கொண்டுபோனால் மருந்தே வீழ்படிவாகிவிடும். வடிகட்டியில் தங்கியதைப் பார்த்து "முழுதும் சிதைந்தது" என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது.

வடிகட்டி பற்றியும் சொல்ல வேண்டும். நைலான் வடிகட்டி சில மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தெரிந்த செறிவுள்ள கரைசலை வடிகட்டி, முன்னும் பின்னும் அளந்து பார்த்துத்தான் எந்த வடிகட்டியையும் நம்ப வேண்டும். பி.டி.எஃப்.இ. அல்லது பி.வி.டி.எஃப்., 0.22 மைக்ரான், முதல் அரை மி.லி.-ஐக் கொட்டிவிடுவது பொதுவாகச் சரிவரும். நுண்ணிய துகள் கொஞ்சம் அதையும் தாண்டி வரும். யூவி-விசிபிள் கருவியில் அடிக்கோடு உயர்ந்து தெரிந்தால் காரணம் அதுதான்.

அந்தக் கருவியை மட்டும் நம்பி மருந்தை அளக்க வேண்டாம். சிதைந்து வரும் பொருள்களும் அதே 270–290 பகுதியில் உறிஞ்சும். பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. வேண்டும்: சி18 காலம், 0.1 சதவீத ஃபார்மிக் அமிலம் சேர்த்த நீரும் அசிட்டோநைட்ரைலும். கார்பமசெபினுக்கு 285, டைக்ளோஃபெனாக்குக்கு 276, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 278 நானோமீட்டர். மைக்ரோகிராம் அளவில் வேலை செய்ய மூலக்கூறின் நிறையையும் பார்க்கும் எல்.சி.-மாஸ் கருவி இல்லாமல் முடியாது.

தொடக்கச் செறிவுக்கும் அந்தந்த நேரச் செறிவுக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரும். சாய்வுதான் வேக மாறிலி. கோடு பின்பாதியில் வளைந்தால், சிதைபொருள்கள் ரேடிகலுக்குப் போட்டிபோடத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது முதல் 20 நிமிடத்தை மட்டும் எடுங்கள், அப்படி எடுத்ததாக எழுதவும் செய்யுங்கள்.

இதெல்லாம் வடிநீரில் முடிந்ததும், இதையே கழிவுநீரில் திரும்பச் செய்யுங்கள். உண்மைக் கழிவுநீர் கிடைக்காவிட்டால், லிட்டருக்கு 420 மி.கி. சோடியம் பைகார்பனேட் சேருங்கள். அது 305 மி.கி. பைகார்பனேட் அயனியைத் தரும். அதோடு, மக்கிய தாவரப் பொருளிலிருந்து வரும் ஹியூமிக் அமிலம் சேர்த்துக் கரிமக் கார்பனை 10 மி.கி.-க்குக் கொண்டுவாருங்கள். இந்த நீரில் கிடைக்கும் வேக மாறிலிதான் பேச வேண்டிய எண்.

வினையூக்கியைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நினைப்பது இயல்பு. ஓர் அளவுக்கு மேல் தூளே தூளுக்கு நிழலாகிவிடும். எந்த அளவு என்பது நீரின் ஆழத்தைப் பொறுத்தது. சில செ.மீ. ஆழமுள்ள குவளைக்கு லிட்டருக்கு 0.5 முதல் 1 கிராம் வரை சரி. ஸ்பெயினின் அல்மேரியா சோலார் தளத்தில், கூட்டுப் பரவளையப் பிரதிபலிப்பான்கள் நடுவே ஓடும் கண்ணாடிக் குழாய்களில் 0.2 கிராமை ஒட்டியே வைக்கிறார்கள். ஆய்வக எண்ணை அப்படியே பெரிய குழாய்க்குக் கொண்டுபோனால் குழாயின் நடுவே இருட்டுத்தான் இருக்கும்.

மருந்து போனது, நஞ்சு போனதா?

மூல மூலக்கூறு மறைவது பாதி வேலைதான். கார்பமசெபின் சிதையும் வழியில் அக்ரிடின் உண்டாகும், அது மூல மருந்தைவிட நச்சு கூடியது. சிப்ரோஃப்ளாக்சசினில் முதலில் உடைவது பைப்பரசின் வளையம். கிருமியைக் கொல்லும் குயினோலோன் நடுப்பகுதி அப்படியே இருக்கலாம். ஹெச்.பி.எல்.சி.-யில் சிப்ரோ சிகரம் காணாமல் போன நீரை ஈ.கோலை வளர்த்த தட்டில் வைத்தால் தடுப்பு வளையம் இன்னும் தெரியலாம். ஆன்டிபயாடிக்கைச் சோதிப்பவர்கள் இந்தத் தட்டுச் சோதனையைக் கைவிடவே கூடாது. அதிகச் செலவும் இல்லை, சொல்லும் சேதியோ மிக முக்கியமானது.

டைக்ளோஃபெனாக்குக்கு எளிய சரிபார்ப்பு குளோரைடு. 10 மி.கி. டைக்ளோஃபெனாக் சோடியத்தில் 2.23 மி.கி. குளோரின் உண்டு. அயனி குரோமட்டோகிராஃபியில் அந்த அளவை நெருங்கினால் குளோரின் முழுதும் கழன்றுவிட்டது என்று அறியலாம். சிப்ரோவில் ஃபுளோரைடை அப்படி அளக்க முயன்றால் கணக்கு இடிக்கும், ஏனென்றால் அமில நீரில் ஃபுளோரைடு டைட்டானியத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கரிமக் கார்பன் எப்போதும் மருந்தைவிட மெதுவாகவே இறங்கும். மருந்து 30 நிமிடத்தில் போனால் கார்பன் பாதியாக மணிக்கணக்கில் ஆகலாம். அது தோல்வி இல்லை. சிதைபொருள்கள் நுண்ணுயிரி தின்னக்கூடியவையாக மாறிவிட்டால் மிச்சத்தை உயிரியல் வடிகட்டி பார்த்துக்கொள்ளும். ஒளியைக் கொண்டே கடைசிக் கார்பன் வரை எரிக்க முயல்வது மின்சாரத்தை வீணாக்கும் வேலை.

தூளா, பூச்சா?

தூளாகக் கலந்தால் வேகம் அதிகம், பிரித்தெடுப்பது தலைவலி. பி.ஹெச்.-ஐ 6.5-க்குக் கொண்டுவந்து இரவு முழுக்க விட்டால் பெரும்பகுதி படியும். மேலே மிதக்கும் நுண்துகளை மைக்ரோஃபில்ட்ரேஷன் சவ்வால் பிடிக்க வேண்டும். படிகாரம் போட்டுப் படிய வைத்தால் அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளை மூடிவிடும், அடுத்த சுற்றில் வேகம் சரியும்.

பூச்சாகச் செய்ய எளிய வழி இது. நைட்ரிக் அமிலத்தால் பி.ஹெச். 2–3-க்குக் கொண்டுவந்த 100 மி.லி. நீரில் 4 கிராம் பி25-ஐப் போட்டு அரை மணி சோனிகேட் செய்யுங்கள். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய போரோசிலிக்கேட் கண்ணாடியை அதில் முக்கி, மெதுவாக ஒரே சீராகத் தூக்கி, 100 டிகிரியில் உலர்த்துங்கள். மூன்று முதல் ஐந்து முறை திருப்பிச் செய்தபின் 450 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள், நிமிடத்துக்கு 3 டிகிரி ஏற்றம். 600-ஐத் தாண்டினால் அனடேஸ் ரூட்டைலாகத் தொடங்கும், பரப்பும் சுருங்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியில் பூசினால் சூட்டில் கண்ணாடியின் சோடியம் பூச்சுக்குள் ஏறி வேகத்தைக் கெடுக்கும். வேறு வழியில்லை என்றால் கீழே ஒரு சிலிக்கா அடுக்கு வேண்டும். ஆறியதும் ஓடும் நீரில் கழுவி, கழுவிய நீர் தெளியும்வரை விடுங்கள், பிறகு எடைபோடுங்கள். பல நாள் நீர் ஓட்டியபின் மறுபடி எடைபோட்டால் எவ்வளவு உரிகிறது என்று தெரியும். உரிந்து போகும் தூளும் நீரில்தான் சேரும்.

மற்ற வினையூக்கிகள் பற்றிச் சுருக்கமாக. துத்தநாக ஆக்சைடு வடிநீரில் பி25-ஐ எட்டிப் பிடிக்கும், ஆனால் அமில நீரில் கரையும், ஒளியிலும் அரிக்கும். கரைந்த துத்தநாகத்தை அளக்காத ஆய்வை நான் ஏற்பதில்லை. கிராஃபைட் வகைக் கார்பன் நைட்ரைடை மெலமைனை மூடிய பீங்கான் குப்பியில் 550 டிகிரியில் நான்கு மணி நேரம் சூடாக்கியே செய்யலாம். அம்மோனியா வரும், புகைக்கூண்டு வேண்டும். 2.7 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் 460 நானோமீட்டர் வரை உறிஞ்சும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அதன் துளைக்கு நீரிலிருந்து நேரடியாக ஹைட்ராக்சில் ரேடிகலை உண்டாக்கும் வலு இல்லை. சூப்பராக்சைடு வழியாகத்தான் வேலை நடக்கும். "தெரியும் ஒளியில் வேலை செய்கிறது" என்று சொல்லும் எந்த ஆய்விலும் 420 நானோமீட்டர் வெட்டு வடிகட்டி போட்டார்களா என்று பாருங்கள். போடாத செனான் விளக்கில் யூவியும் சேர்ந்தே வரும்.

மின் கட்டணம்

ஒரு கன மீட்டர் நீரில் மருந்தைப் பத்தில் ஒன்றாக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆகும்? விளக்கின் கிலோவாட்டை 38.4-ஆல் பெருக்கி, லிட்டரில் கொள்ளளவாலும் நிமிடக் கணக்கில் வேக மாறிலியாலும் வகுத்தால் விடை. 20 வாட் எல்.இ.டி., 0.25 லிட்டர், மாறிலி 0.05 என்றால் 61 யூனிட். ஓசோனுக்கு இதே அளவு பொதுவாக 1 யூனிட்டுக்குக் கீழ். யூவி-ஹைட்ரஜன் பெராக்சைடு முறையும் அந்த வரிசைதான். வெளியான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் விளக்கு வைத்த ஒளிவினையூக்கத்தின் நடு மதிப்பு 100 யூனிட்டைத் தாண்டுகிறது. 2016 முதல் நுண்மாசு நீக்கத்தைச் சட்டமாக்கிய சுவிட்சர்லாந்து தன் நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு ஓசோனையும் ஆக்டிவேட்டட் கார்பனையும் எடுத்துக்கொண்டது வியப்பில்லை.

சூரிய ஒளியில் மின் கட்டணம் இல்லை, இடம் வேண்டும். வெயிலில் யூவி பங்கு நான்கைந்து சதவீதம்தான். நாளுக்கு நாள் மாறும் வெயிலை ஒப்பிட, அல்மேரியாவில் நேரத்தைச் சதுர மீட்டருக்கு 30 வாட் யூவி என்ற அளவுக்குத் திருப்பி எழுதுவார்கள். அளந்த யூவியை 30-ஆல் வகுத்து, குழாயில் ஒளிபடும் கொள்ளளவுக்கும் மொத்தக் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தால் பெருக்க வேண்டும். 40 லிட்டரில் 20 லிட்டர் குழாயில், யூவி 36 வாட், ஒரு மணி நேரம் என்றால் கணக்கில் வருவது 36 நிமிடம். கழிவுநீர் ஏற்கெனவே அமிலமாக வரும் இடத்தில் இதே குழாய்களில் பி.ஹெச். 2.8, லிட்டருக்குச் சில மி.கி. இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து ஃபோட்டோ-ஃபென்டன் (இரும்பும் ஒளியும் பெராக்சைடிலிருந்து ரேடிகலை உண்டாக்கும் முறை) ஓட்டுவதே வேகமானது. அங்கே டைட்டானியத்துக்காகப் பிடிவாதம் பிடிக்க மாட்டேன்.

அப்படியானால் எங்கே?

258 ஆறுகளில் மருந்துகளைத் தேடிய பன்னாட்டு ஆய்வு 2022-இல் வெளியானது. அடிக்கடி அகப்பட்டவற்றில் கார்பமசெபினும் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினும் முன்னே நின்றன. காவிரி, வெள்ளாறு, தாமிரபரணியில் கார்பமசெபின் இருப்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆற்றில் இவை நானோகிராம், மைக்ரோகிராம் அளவு, சுற்றிலும் கடலளவு நீர். அங்கே விளக்கு வைப்பதில் அர்த்தமே இல்லை.

மாறாக, ஐதராபாத் அருகே பட்டான்செருவில், ஏறத்தாழ 90 மருந்து உற்பத்தி நிறுவனங்களின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில் லிட்டருக்கு 31 மி.கி. வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக ஸ்வீடனின் லார்சனும் சகாக்களும் 2007-இல் எழுதினார்கள். மருந்து உட்கொண்டவர் இரத்தத்தில் இருக்கும் அளவையும் மிஞ்சியது அது. 30 மி.கி. சிப்ரோ என்பது 90 மைக்ரோமோல். வேக மாறிலி 4 × 10⁹ என்றால் நொடிக்கு 3,60,000. முன்பு சொன்ன கழிவுநீரின் கரிமப் பொருளைவிட அதிகம்! இங்கே ரேடிகலில் பாதி மருந்துக்கே போகும். யூனிட் கணக்கு கன மீட்டருக்கு என்பதால் நீரின் அளவு குறையக் குறையச் செலவும் குறையும்.

ஆகவே தொழிற்சாலைக்குள்ளே, உலைக்கலனையும் மாத்திரை இயந்திரத்தையும் கழுவும் முதல் நீர்தான் இதன் இடம். மற்ற கழிவோடு கலக்கும் முன், தனித் தொட்டியில், சில நூறு லிட்டராகப் பிடிக்க வேண்டும். பொதுக் கழிவுநீரோடு கலந்துவிட்டால் சி.ஓ.டி. (ஆக்சிஜன் தேவையாக அளக்கும் கரிமக் கழிவு) ஆயிரக்கணக்கில் ஏறும், மேலே போட்ட கணக்கு மறுபடி மருந்துக்கு எதிராகத் திரும்பிவிடும். மருத்துவமனைகளில் எம்.பி.ஆர். (சவ்வு வைத்த உயிரியல் உலை) தாண்டி வரும் நீரும், ஆர்.ஓ. ஒதுக்கும் அடர்நீரும் அடுத்த தேர்வுகள். ஆர்.ஓ. ஒதுக்கில் பைகார்பனேட்டும் அடர்ந்துவிடும் என்பதால் முதலில் அமிலம் விட்டுக் காற்றோட்டி கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது பலன் தரும்.

இந்தியாவில் 2020 ஜனவரியில் வந்த வரைவு, மருந்து ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் எச்சத்துக்கு வரம்பு வைத்தது. 2021-இல் இறுதியான விதியில் அந்த வரம்புகள் இல்லை. அவை திரும்ப வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரம்பு இல்லாதவரை முதல் கழுவுநீரைத் தனியாகப் பிடிக்க எந்த ஆலைக்கும் கட்டாயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் நிறைவேற்றிய கழிவுநீர்ச் சட்டம், நுண்மாசு நீக்கச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் உற்பத்தியாளர்கள் தலையில் வைத்தது.

தொட்டி இடம் முடிவானதும், விளக்கோ வினையூக்கியோ வாங்குவதற்கு முன் அந்த நீரில் ஒன்றை அளந்துவிடுங்கள்: வடிகட்டிய நீரின் உறிஞ்சல், 365 நானோமீட்டரில், 1 செ.மீ. குவெட்டில். 0.3 வந்தால் முதல் ஒரு செ.மீ.-இலேயே பாதி ஒளியை நீரே தின்றுவிடும். 0.05-க்குக் கீழே இருந்தால் குழாயைத் தாராளமாக வடிவமைக்கலாம். நடுவில் இருந்தால் மெல்லிய படலமாக ஓட்டும் சாய்தள உலை தேவை. 0.3-க்கு மேல் போனால் முதலில் உயிரியல் முறையிலோ படிய வைத்தோ நிறத்தை இறக்குங்கள், அல்லது அந்த நீரை ஓசோனுக்கு அனுப்புங்கள்.